பஞ்சபாத்திரமும் ரகசியப் புத்தகமும்

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு மாமா கவலையோடு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பெண் புனேயில் வேலை பார்க்கிறாள். பிளாவட்ஸ்கி அம்மையார், கூடு விட்டுக் கூடு பாயும் ஆத்மா, சூட்சும சரீரம் என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை படிக்கிறாளாம். காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறாளாம். ஆனால் வரலக்ஷ்மி நோன்புக்கு ஊருக்கு வா என்றால் "அதெல்லாம் வெளி வேஷம்மா" என்கிறாளாம். "இது நமக்கு லாபமா, நஷ்டமா?" என்று மாமா கேட்டார். 36 வருஷம் ரயில்வேயில் கணக்குப் பார்த்தவன் என்பதால், லாப நஷ்டத்துக்கு பதில் சொல்லும் பொறுப்பைக் காரியதரிசி என் தலையில் கட்டிவிட்டார்.

முதலில் பெயரைப் பார்த்துக்கொள்வோம். எஸோடெரிக் பிலாசபி என்று மேல்நாட்டார் சொல்வதை உள்ளுறைத் தத்துவம், ரகசியத் தத்துவம் என்று சொல்லலாம். வாசலில் எல்லோருக்கும் சொல்வது ஒன்று, உள்ளே அழைத்துத் தகுதியுள்ளவனுக்குச் சொல்வது வேறொன்று என்பது அதன் ஆதாரம். இது நமக்குப் புதிதல்ல. உபநிஷத்துக்கே ரஹஸ்யம் என்று ஒரு பெயர் உண்டு. நம் ஐயங்கார் அன்பர்கள் ரஹஸ்யத்ரயம் என்றால் கையைக் கூப்புவார்கள். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது. திருக்கோஷ்டியூரில் கோபுரத்தின் மேல் ஏறி ரகசியத்தை ஊருக்கே கூவிச் சொன்ன ஒரு மஹானும் நம்மிடம் இருக்கிறார். ஆகவே ரகசியமும் நம் சொத்து, அதை உடைத்ததும் நம் சொத்து.

ஒரு புத்தகம் ஒருவருடைய நம்பிக்கையை எந்த அளவுக்குத் திருப்பும் என்பதற்கு அன்னி பெசன்ட் அம்மையாரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாதிரியாரின் மனைவியாக இருந்தவர். கிறிஸ்தவ நம்பிக்கை போய், 1873-ல் கணவரைப் பிரிந்தார். பிராட்லாவுடன் சேர்ந்து ஊர் ஊராக நாத்திகம் பேசினார். குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகம் வெளியிட்டதற்காக 1877-ல் கோர்ட்டில் நின்றார். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலை நிறுத்தத்துக்குத் துணை நின்றார். கடவுள் இல்லை என்று மேடையில் அடித்துச் சொன்ன இந்த அம்மாளிடம், 1889-ல் 'பால் மால் கெஜட்' பத்திரிகையின் ஆசிரியர் ஸ்டெட், இரண்டு கனமான தொகுதிகளைக் கொடுத்து மதிப்புரை எழுதச் சொன்னார். அது பிளாவட்ஸ்கி எழுதி முந்தைய வருஷம் வெளிவந்த 'தி சீக்ரெட் டாக்ட்ரின்'. படித்தார். மதிப்புரையும் எழுதினார். எழுதியவரை நேரில் பார்க்கவேண்டும் என்று போனார். மே மாதமே பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 41 வயது.

இதில் கவனிக்க வேண்டியது, புத்தகம் அவரைப் பழைய கிறிஸ்தவத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை என்பது. கர்மா, மறுபிறவி, படிப்படியான ஆத்ம வளர்ச்சி என்ற முழுக் கட்டடத்தையும் கொடுத்து, அது இந்தியாவில் இருக்கிறது போய்ப் பார் என்று கப்பல் ஏற்றிவிட்டது. 1893-ல் இங்கே வந்தார். 1895-ல் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 1898-ல் காசியில் சென்ட்ரல் ஹிந்து காலேஜ் ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு பனாரஸ் ஹிந்து சர்வகலாசாலைக்கு வித்து. நம் பிள்ளைகள் சொந்த சாஸ்திரத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவேண்டும் என்று அயர்லாந்து ரத்தம் உள்ள ஓர் அம்மாள் வந்து சொல்லவேண்டியிருந்தது.

இன்னொருவர் காந்திஜி. அதே 1889 வாக்கில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள், எட்வின் ஆர்னால்டின் ஆங்கில கீதையை வைத்துக்கொண்டு, எங்களோடு மூலத்தைப் படிக்க வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். கீதையை சம்ஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ தான் அதுவரை படித்ததில்லை என்று வெட்கப்பட்டதாக சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பிளாவட்ஸ்கியின் 'கீ டு தியாசபி'யையும் படித்தார். ஹிந்து மதம் முழுக்க மூடநம்பிக்கை என்று மிஷனரிகள் சொல்லிச் சொல்லி ஏற்றியிருந்த எண்ணம் அதனால்தான் போனதாம். சபையில் சேரச் சொன்னபோது, என் மதத்தைப் பற்றியே எனக்குக் கொஞ்சம்தான் தெரியும் என்று மறுத்துவிட்டதாகவும் எழுதுகிறார். புத்தகத்தை எடுத்துக்கொண்டார், உறுப்பினர் படிவத்தைத் தள்ளிவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம்மவர்களில் மணி ஐயர் என்று எல்லோரும் அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயரைச் சொல்லாமல் விடக்கூடாது. மதுரைக்காரர், சென்னை ஹைகோர்ட் நீதிபதி, பிரம்மஞான சபையின் உபதலைவராகவும் இருந்தவர். 1917-ல் பெசன்ட் அம்மையாரைச் சர்க்கார் ஊட்டியில் காவலில் வைத்தபோது, அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டனம் வந்ததும் சர் பட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். ரகசியத் தத்துவம் படித்தவன் கண்ணை மூடி மூலையில் உட்கார்ந்துவிடுவான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி என் கதை. 1982-ல் எனக்குக் காசிக்கு மாற்றல் வந்தது. டி.எல்.டபிள்யூ. என்று அப்போது பெயர், இப்போது பனாரஸ் லோகோமோட்டிவ் வொர்க்ஸ். பிரம்மஞான சபையின் இந்தியப் பிரிவுக்குத் தலைமையிடம் காசியில் கமச்சாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு அங்கே போவேன். பெரிய மரங்கள், அமைதி, அதிகம் பேசாத மனிதர்கள். தத்துவ தாகம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். மே மாத வெயிலுக்கு அந்தப் படிப்பறை குளுகுளு என்று இருந்ததும் ஒரு காரணம்.

என் ஸந்தியாவந்தனம் அப்போது ஆறு நிமிஷம். எனக்குப் பூணூல் போட்டபோது தாத்தா சொல்லியிருந்தார்: மந்தேஹர்கள் என்ற ராக்ஷஸர்கள் சூரியனை மறிக்கிறார்கள், நாம் விடும் அர்க்கிய ஜலம் வஜ்ராயுதமாகி அவர்களைத் தூர எறிகிறது என்று. ஒன்பது வயதில் அதை நம்பி ஆவேசமாக ஜலம் விட்டேன். காலேஜ் போனபின் நம்பவில்லை, ஆனாலும் தாத்தாவுக்காக விட்டேன். கமச்சாவில் படித்த புத்தகங்களோ எந்தப் புராணக் கதைக்கும் ஓர் உள்ளர்த்தம் உண்டு என்று சொல்லிக்கொடுத்தன. சூரியன் என்றால் புத்தி, ராக்ஷஸர்கள் என்றால் சோம்பலும் மயக்கமும் என்று நானே பொருத்திக்கொண்டேன். மறுநாள் பஞ்சபாத்திரத்தை எடுத்தபோது கை கொஞ்சம் நிதானமாகியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. உள்ளர்த்தம் என்பது யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடியது. மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றி, தைத்திரீய ஆரண்யகத்தின் இரண்டாம் பிரச்னத்தைத் தேடிப் பிடித்தேன். மந்தேஹர் கதை அங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் கதை முடிந்த கையோடு, உதிக்கும்போதும் மறையும்போதும் இந்தச் சூரியனே பிரம்மம் என்று தியானிக்கிறவன் பிரம்மத்தையே அடைகிறான் என்றும் வருகிறது. அதாவது கதையும் உள்ளர்த்தமும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே இடத்தில், பூட்டுப் போடாமல். தினமும் அர்க்கியம் முடிந்து ஆத்ம பிரதக்ஷிணம் செய்யும்போது நாம் சொல்வதும் அதையேதான். இருபது வருஷமாக என் வாயால் சொல்லிக்கொண்டிருந்த ரகசியத்தை ஒரு ரஷ்ய அம்மாளின் புத்தகம் சுற்றி வளைத்துக் காட்டிக்கொடுத்தது!

இதே போல என் மனைவிக்கும் ஒன்று நடந்தது. குண்டலினி பற்றி நான் படித்ததை ஒரு நாள் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். "இதைத்தானே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை லலிதா ஸஹஸ்ரநாமத்துல சொல்றோம்? மூலாதாரத்துல ஆரம்பிச்சு ஸஹஸ்ராரம் வரைக்கும் வரதே" என்றாள். எனக்குப் பேச்சே எழவில்லை.

அடுத்தது சாப்பாட்டு விஷயம். இலையில் அன்னம் போட்டதும் பரிசேஷணம் பண்ணி, பிராணன், அபானன், வியானன், உதானன், ஸமானன் என்று ஐந்து ஆஹுதி பண்ணுகிறோம். இதன் தத்துவம் சாந்தோக்யத்தில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. வேதம் கற்ற பெரிய கிருஹஸ்தர்கள், ஆத்மா எது என்று தெரியாமல், கேகய தேசத்து ராஜா அச்வபதியிடம் போகிறார்கள். பிராமணர்களுக்கு க்ஷத்திரியன் உபதேசிக்கிறான். சாப்பிடுவதே அக்னிஹோத்திரம், உள்ளே இருக்கும் வைச்வாநர ஆத்மாவுக்குச் செய்யும் ஹோமம் என்கிறான். பிரகரணம் முடியும் இடத்தில் ஒரு வாக்கியம் வருகிறது. இதை அறிந்தவன் தன் உச்சிஷ்டத்தைச் சண்டாளன் என்று ஊர் ஒதுக்கியவனுக்குக் கொடுத்தாலும் அது வைச்வாநர ஆத்மாவிலேயே ஹோமம் செய்ததாகும் என்று.

இந்த வாக்கியம் ஜாதியே இல்லை என்று சொல்லவில்லை. மிச்சத்தைக் கொடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. சிலர் மேடையில் இதை அளவுக்கு மேல் இழுப்பார்கள், நான் இழுக்கமாட்டேன். ஆனால் என் உடம்புக்குள் எந்த அக்னி ஹோமத்தை வாங்கிக்கொள்கிறதோ அதுவேதான் அவர் உடம்புக்குள்ளும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இந்த வாக்கியத்துக்கு அர்த்தமே பண்ண முடியாது. அன்று ராத்திரி இதைச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். காசியில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மாளுக்குக் கொல்லைப்புற மாடத்தில் ஒரு தனி டம்ளர் இருந்தது. எங்கள் இருவர் வீட்டிலும் தலைமுறையாக இருந்த வழக்கம். மறுநாள் காலை அது மாடத்தில் இல்லை. அந்த அம்மாள் எங்கள் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்து என் மனைவி, "இதுக்கு இவ்வளவு பெரிய புஸ்தகம் வேணுமா என்ன?" என்றாள். எனக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

எல்லாமே இப்படிச் சுமுகமாகப் போகவில்லை. 1987-ல் அப்பா காலமானார். ராய்ப்பூரில் இருந்த என் தம்பிக்கும் நான்தான் அதற்கு முன்பே 'கீ டு தியாசபி'யைக் கொடுத்திருந்தேன். அந்தப் புத்தகத்தின்படி, இறந்தவரின் ஆத்மா தேவசன் என்ற ஆனந்த நிலையில் பல நூற்றாண்டுகள் இளைப்பாறுகிறது. பூமியில் நடப்பது எதுவும் அதற்கு எட்டாது. அப்படியானால் பிண்டம் யாருக்கு? எள்ளும் தண்ணீரும் யாருக்கு? தம்பி தெளிவாக முடிவெடுத்தான். முதல் வருஷம் காரியங்களை என்னோடு செய்துவிட்டு, அதன்பின் ச்ராத்தம் பண்ணுவதில்லை, திதி அன்று பார்வையற்ற குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவேன் என்று சொல்லிவிட்டான். போட்டான். இன்றைக்கும் போடுகிறான், ஒரு வருஷம் தவறியதில்லை.

எனக்கோ அந்தத் தெளிவு வரவில்லை. அப்பா பசியோடு காத்திருக்கிறார் என்று என்னால் முன்போல் நினைக்க முடியவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை. யாக்ஞவல்க்ய ஸ்மிருதியில், வசு, ருத்ர, ஆதித்யர்கள்தான் ச்ராத்த தேவதைகள், அவர்கள் திருப்தியடைந்து நம் பித்ருக்களைத் திருப்தி செய்கிறார்கள் என்று இருக்கிறது. அப்பா எங்கே எந்த நிலையில் இருந்தாலும் சேர்ப்பிக்கிற பொறுப்பு அவர்களுடையது. இந்த விளக்கம் புத்திக்குப் பாதி திருப்தி தந்தது. கேதார் காட் பக்கம் குடியிருந்த எங்கள் வாத்தியாரிடம் மனசு விட்டுச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. பவித்திரத்துக்குத் தர்ப்பையை முறுக்கிக்கொண்டே, "அந்தப் புஸ்தகத்துல செத்தவாளுக்கு என்ன ஆறதுன்னு போட்டிருக்கு, சரி. பிள்ளை என்ன பண்ணணும்னு போட்டிருக்கா?" என்றார்.

போடவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். பிரபஞ்சம் எத்தனை சுற்று சுற்றும், மனிதனுக்கு எத்தனை கோசம், எத்தனை லோகம் எல்லாம் இருக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளை அடுத்த வருஷம் அதே திதியில் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இல்லை. தம்பி அதற்கு ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டான், நான் பழைய பதிலையே வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்று வருஷம் பேச்சு சரியாக இல்லை. அம்மா என்னிடம் ஒரு தடவை, "ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தைத்தானேடா படிச்சேள்?" என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மா போன வருஷம் தம்பி வந்து எல்லாக் காரியமும் செய்தான், தனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. இப்போது அப்பா திதிக்கு நான் இங்கே ச்ராத்தம் செய்கிறேன், அவன் அங்கே சாப்பாடு போடுகிறான், சாயந்திரம் போனில் பேசிக்கொள்கிறோம்.

இளைஞர்களுக்கு ஒரு விஷயம். ரகசியத் தத்துவத்தில் எப்போதும் ஓர் ஆபத்து உண்டு: சரி பார்க்க முடியாது. 'தி சீக்ரெட் டாக்ட்ரின்' எந்த நூலுக்கு வியாக்கியானம் என்று சொல்லிக்கொள்கிறதோ, அந்த மூல நூலை எந்த நூலகத்திலும் யாரும் காட்டியதில்லை. மஹாத்மாக்களிடமிருந்து வந்ததாகச் சொன்ன கடிதங்கள் பற்றி விசாரிக்க ஹாட்ஜ்சன் என்பவர் அடையாறுக்கே வந்து, 1885-ல் மோசடி என்று அறிக்கை கொடுத்தார். அவரை அனுப்பிய சங்கத்தின் பத்திரிகையிலேயே 1986-ல் வெர்னான் ஹாரிசன் அந்த அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். நூறு வருஷம் கழித்தும் வழக்கு முடிந்தபாடில்லை. பெசன்ட் அம்மையார் சபையில் சேருமுன் அந்த அறிக்கையைப் படித்துவிட்டே சேர்ந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

சக்கரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலாதாரம் சிவப்பு, ஸ்வாதிஷ்டானம் ஆரஞ்சு, கடைசியில் ஊதா என்று வானவில் வரிசையில் படம் போட்டு யோகா வகுப்பில் மாட்டியிருக்கிறார்கள். கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி உட்ராஃப் 1919-ல் ஆங்கிலத்தில் கொடுத்த ஷட்சக்ர நிரூபணத்தைப் பாருங்கள். அங்கே மணிபூரகத்தின் இதழ்கள் மழை மேகத்தின் நிறம், ஆக்ஞை சந்திரனைப் போல வெண்மை. வானவில் மேல்நாட்டில் பிற்காலத்தில் சேர்த்த வர்ணம். வர்ணம் எப்படியிருந்தால் என்ன என்று கேட்கலாம். பழைய சாஸ்திரம் என்று சொல்லிக் கொடுத்தால் பழைய சாஸ்திரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கணக்கில் வவுச்சர் இல்லாத செலவை நான் பாஸ் பண்ணியதில்லை.

மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர் எப்படி இருப்பார் என்பதற்கு டி. சுப்பா ராவைச் சொல்லலாம். காக்கிநாடாக்காரர், சென்னையில் வக்கீல். பிளாவட்ஸ்கியே மிகவும் மதித்தவர். ஆனால் மனிதனுக்கு ஏழு தத்துவங்கள் என்று அந்த அம்மாள் பிரித்ததை அவர் ஏற்கவில்லை. 1886-ல் அடையாறில் கீதை பற்றிப் பேசியபோது, நான்காகப் பிரிப்பதுதான் பொருந்தும் என்று சபை மேடையிலேயே சொன்னார். பெரிய வாதம் நடந்து, 1888-ல் சபையை விட்டே விலகினார். 1890-ல் 33 வயதில் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் பின்னால் நடந்த சில விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1909-ல் அடையாறு கடற்கரையில் மதனப்பள்ளிப் பையன் ஒருவனைப் பார்த்து, இவன்தான் வரப்போகும் உலக ஆசான் என்றார்கள். 1911-ல் அவனுக்காகச் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பையன் ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஹாலந்தில் ஓம்மென் முகாமில், வளர்த்த பெசன்ட் அம்மையார் எதிரிலேயே, சங்கத்தைக் கலைத்துவிட்டார். உண்மைக்கு எந்த அமைப்பும் வழிகாட்ட முடியாது என்பது அவர் கட்சி. 1985 நவம்பரில் காசி ராஜ்காட்டில் அவர் பேசியதை நான் கேட்டேன். 90 வயது. குரல் சன்னம், வாதம் கத்தி. ஜபம், பூஜை, குரு எதையும் விட்டுவைக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயோதிகர் கங்கையில் இறங்கி ஸந்தியாவந்தனம் பண்ண ஆரம்பித்தார். நான் சற்றுத் தயங்கி அவருக்குப் பக்கத்தில் இறங்கினேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மாமாவின் லாப நஷ்டக் கேள்விக்கு வருகிறேன். பெண் என்ன படிக்கிறாள் என்று கவலைப்படுவதை விட, அதன் பக்கத்தில் வேறு எது திறந்திருக்கிறது என்று பாருங்கள். காந்திஜி பக்கத்தில் கீதை வந்தது. சுப்பா ராவ் பக்கத்தில் முன்பே இருந்தது. நோன்பை வெளி வேஷம் என்கிறாள் என்றால் அவளிடம் சண்டை போடாதீர்கள். கலசத்தில் ஏன் அரிசி, சரட்டில் ஏன் ஒன்பது முடிச்சு என்று அவளையே தேடிக் கண்டுபிடித்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவேளை கண்டுபிடித்துவிட்டும் வராமல் இருப்பாள். அதற்கும் தயாராக இருங்கள். என் தம்பி அப்படித்தான்.

அடுத்த மாதத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, எங்கள் அகத்தில் சாந்தோக்யம் ஐந்தாம் அத்தியாயம் சேர்ந்து படிக்கலாம் என்று இருக்கிறோம். கிரந்தம், தேவநாகரி, தமிழ் எழுத்து, எதில் இருந்தாலும் அவரவர் புத்தகத்தைக் கொண்டுவரலாம். சங்கர பாஷ்யம் என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது. வேறு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்னாலேயே காரியதரிசியிடம் சொல்லிவிட்டால் என் மனைவி டிகாக்ஷன் இறக்க வசதியாக இருக்கும்.